திங்கட்கிழமை எழுதியது, வியாழக்கிழமை வைத்தது

எங்கள் கம்பெனி இந்திய ஊழியர் மன்றத்தின் தீபாவளி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபின் என் நாற்காலிக்கு வந்தவள் அவள். நல்ல பெண், கொஞ்சம் அவசரக்காரி. ‘வேலைக்காலத்து இனிய நினைவுகள்’ என்று தலைப்பையும் அவளே போட்டுக் கொடுத்துவிட்டாள். இரண்டு பக்கத்துக்குள் முடித்துவிட வேண்டுமாம். பேச்சோடு பேச்சாக, கையேட்டில் மாறும் பக்கங்களைக் குறித்துவைக்கும் மாற்றப் பதிவேட்டை இந்த மாதத்தோடு நிறுத்துகிறார்கள் என்றும் சொன்னாள். இனிமேல் எந்தப் பக்கம் எப்போது யார் கைக்குப் போனது என்பதைக் கம்ப்யூட்டரே நிமிஷம் பிசகாமல் குறித்துக்கொள்ளுமாம். யாரும் முன்கூட்டியே எழுதிவைத்து ஏமாற்ற முடியாது என்று சிரித்தாள்.

போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். இனிய நினைவுகள் என்னிடம் இல்லாமல் இல்லை. ஆனால் இருபது வருஷத்துக்கு மேலாக நெஞ்சில் கிடப்பது ஒன்றுதான். அதை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் அது கண்துடைப்பு. இரண்டு பக்கத்தில் அடங்காது, கவிதா பொறுத்துக்கொள்ளட்டும்.

நாடு சுதந்திரம் வாங்கிய வருஷம் பிறந்தவள் நான். மலாக்காவில் காஜா பேராங்கில் பிறந்து, காஜா பேராங்கிலேயே வாழ்க்கைப்பட்டு, இன்றும் அங்கேதான் இருக்கிறேன். ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை முடித்தேன். ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்துகொண்டே மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்தேன். ஆயர் குரோ தொழிற்பேட்டையில் இந்தக் கம்பெனி திறந்தபோது ஆவணப் பிரிவில் சேர்ந்தேன். படித்த கதையில் சுவாரசியமாக ஒன்றும் இல்லை, விட்டுவிடலாம்.

கம்பெனி செய்தது, தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டு போர்டுகள். ஒரு போர்டில் இரண்டு புராசஸர்கள், இரண்டுக்கும் பொதுவாக ஒரே நினைவகம். இரண்டு மருமகள்களுக்கு ஒரே அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நினைவகத்தை யார் எப்போது எந்த வரிசையில் தொட வேண்டும் என்று புரோகிராமர்களுக்குக் கையேடு எழுதுவதுதான் என் வேலை. புரோகிராம் எழுத எனக்குத் தெரியாது. ஆனால் நான் எழுதிய பக்கத்தை வைத்துத்தான் அவர்கள் எழுதுவார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் மிஸ்டர் பிள்ளை. பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய மலாக்கா செட்டி குடும்பம், எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி வீடு. பெயர் பிள்ளை, நெற்றியில் திருநீறு, வெள்ளிக்கிழமை தவறாமல் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயில். தமிழ் மட்டும் வராது. அவர்கள் வீட்டு மலாயில் நாலு தமிழ் வார்த்தை கலந்திருக்கும், அவ்வளவுதான். ஆபீசில் என்னோடு மலாயும் ஆங்கிலமும் பேசுவார். உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைப்பார். தப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை. பச்சை மை பேனாவால் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, இன்னொரு தடவை என்பார். ஒரே பக்கத்துக்குப் பதினோரு கோடு வாங்கியிருக்கிறேன். பன்னிரண்டாவது தடவை கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்து எழுதினேன்.

நான் முதலில் எழுதிய பக்கம், இரண்டு புராசஸர்களும் ஒரே எண்ணிக்கையில் ஒன்று கூட்டுவது பற்றியது. எண்ணை எடு, ஒன்று கூட்டு, திரும்ப வை என்று மூன்று வரியாக அழகாக எழுதிக்கொண்டு போனேன். அவர் படித்துவிட்டுப் பேனாவை எடுக்கவில்லை, கதை சொன்னார். சுதந்திரம் வந்த காலத்தில் அவர் மலாக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராம், இருபது வயசாம். ஊரிலுள்ள ஒவ்வொரு லைனுக்கும் ஒவ்வொரு ஆபரேட்டர் முன்னாலும் ஒரு துளை இருக்கும். செருகுவதற்கு முன்னால் பிளக்கின் நுனியால் அந்தத் துளையின் விளிம்பைத் தொட வேண்டும். காதில் டிக்கென்று கேட்டால் லைனில் ஆள் இருக்கிறது. கேட்காவிட்டால் செருகலாம்.

சிக்கல் என்னவென்றால், இரண்டு ஆபரேட்டர்கள் ஒரே கணத்தில் தொட்டால் இரண்டு பேருக்கும் டிக் கேட்காது. இரண்டு பேரும் செருகிவிடுவார்கள். சுதந்திர தினத்தன்று ஊரே போன் செய்தபோது அப்படித்தான் ஆயிற்றாம். ஒருவர் தன் தங்கையிடம் அப்பா போய்விட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, யாரோ முன்பின் தெரியாதவர் அதே லைனில் புகுந்து ‘மெர்டேக்கா’, அதாவது சுதந்திரம், என்று கத்தியிருக்கிறார். இரண்டில் ஒரு பிளக் பிள்ளை செருகியது. தொடுவதும் செருகுவதும் ஒரே அசைவாக இருந்திருக்க வேண்டும், நடுவே இன்னொரு கை நுழைய இடமே இருந்திருக்கக் கூடாது என்றார். அட்டாமிக் ஆபரேஷன் என்று புத்தகத்தில் போட்டிருந்தது எனக்கு அன்றுதான் புரிந்தது. என் மூன்று வரியை அடித்து ஒரே வரியாக எழுதினேன். அந்தப் பக்கத்துக்குக் கோடு விழவில்லை.

அதைவிடக் கஷ்டமானது நினைவகத் தடுப்பு. மெமரி பேரியர் என்பார்கள். புராசஸர் நேரம் மிச்சம் பிடிக்கும் சாமர்த்தியசாலி. நாம் சொன்ன வரிசையில்தான் செய்வேன் என்று உட்கார்ந்திருக்காது, தன் வேலை கெடாத அளவுக்கு முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் செய்துகொள்ளும். அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை. பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொரு புராசஸர்தான் ஏமாந்து போகும். ஆகையால் இந்த இடத்தைத் தாண்டி எதையும் மாற்றிப் போடாதே என்று நடுவே ஒரு தடுப்பு வைக்க வேண்டும்.

இதைச் சோதிக்கப் பிள்ளை ஒரு முறை வைத்திருந்தார். பக்கத்திலுள்ள ஒவ்வொரு செயலையும் ஓர் அட்டையில் எழுதி மேசையில் வரிசையாக வைக்கச் சொல்வார். முதல் புராசஸருக்கு வெள்ளை அட்டை, இரண்டாவதற்கு மஞ்சள். தடுப்பு இருக்கும் இடத்தில் ஓர் இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைப்பார். பிறகு ஸ்கேலுக்கு இந்தப் பக்கமுள்ள அட்டைகளை அவர் இஷ்டத்துக்குக் கலைப்பார், அந்தப் பக்கத்தையும் கலைப்பார். ஸ்கேலைத் தாண்டி மட்டும் ஓர் அட்டையும் போகாது. எப்படிக் கலைத்தாலும் முடிவு சரியாக வந்தால் பக்கம் தேறியது. ஆறாம் வருஷம் அந்த ஸ்கேலை என்னிடமே கொடுத்துவிட்டார். எனக்குப் பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது.

இன்னொரு கட்டளையும் உண்டு. ஒரு பக்கம் மாறினால் புதுப் பக்கத்தை எல்லார் மேசை பைலிலும் வைத்து, பழையதை உருவி எடுத்து, ஒரு சீட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். அதன் பிறகுதான் மாற்றப் பதிவேட்டில் ‘மாற்றப்பட்டது’ என்று தேதியோடு எழுதலாம். காரணம், சோதனைப் பிரிவுக்காரர்கள் பைலைப் பார்க்க மாட்டார்கள், பதிவேட்டைத்தான் பார்ப்பார்கள். “சுடா லெத்தாக், பாரு தூலிஸ்” என்பார் பிள்ளை. வைத்துவிட்டு அப்புறம் எழுது என்று அர்த்தம். வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்வார். தலையாட்டி ஆட்டி எனக்குக் கழுத்துதான் வலித்தது.

தியாகு வந்தது அதற்குப் பிறகு. தியாகராஜன், புக்கிட் காதில் என்ற ஊர்ப் பையன், அப்போது இருபத்தாறு வயசு இருக்கும். என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்ட முதல் புரோகிராமர். எந்தத் தாள் கைக்கு வந்தாலும் மேல் மூலையில் அன்றைய தேதியைப் போட்டுக்கொள்வான். கேண்டீன் மெனுவைக்கூட விட மாட்டான். தேதி போடாத பக்கத்தைத் தமிழ்ப்பள்ளி வாத்தியார் கிழித்துப் போட்டுவிடுவாராம், அந்தப் பயம் இன்னும் போகவில்லை என்பான். நாங்கள் அவனை ‘காலண்டர்’ என்று கேலி செய்வோம்.

அந்த வருஷம் உலோகத் தகடு அடிக்கும் பிரஸ் இயந்திரத்துக்கு ஒரு போர்டு செய்தோம். முதல் புராசஸர் பிரஸ்ஸுக்கு முன்னாலுள்ள ஒளிக்கற்றையைப் பார்த்து, கை உள்ளே இருக்கிறதா இல்லையா என்று நினைவகத்தில் எழுதும். எழுதி முடித்ததும் ‘புதுத் தகவல் தயார்’ என்று ஒரு கொடியை ஏற்றும். இரண்டாவது புராசஸர் அந்தக் கொடியைப் பார்த்துவிட்டுத் தகவலை எடுக்கும். கை இல்லை என்றால் பிரஸ் இறங்கும். இதை விளக்கியது நான் எழுதிய நாற்பத்தோராம் பக்கம். எழுதுகிற புராசஸருக்கு ஒரு தடுப்பு போட்டிருந்தேன். படிக்கிற புராசஸருக்குப் போடவில்லை. பழைய சிப்புக்கு அது தேவைப்படவில்லை.

பிறகு சிப் மாறியது. ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளை என்னை உட்காரவைத்து மஞ்சள் அட்டைகளைக் கலைத்தார். கொடியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே தகவலை எடுத்துவிடுகிற மாதிரி அட்டைகள் விழுந்தன. அதாவது கை இல்லாதபோது எடுத்த பழைய தகவலைக் கையில் வைத்துக்கொண்டு, கொடி ஏறியதும் அதையே புதுசு என்று நம்பிவிடும். புதுச் சிப் இப்படிச் செய்யக்கூடியது. பிள்ளை ஸ்கேலைக் கொடிக்கும் தகவலுக்கும் நடுவே வைத்தார். மறுபடி கலைத்தார், சரியாக வந்தது. திங்கட்கிழமை புதுப் பக்கம் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒரு வாரப் பயிற்சிக்குக் கோலாலம்பூர் போய்விட்டார்.

பக்கத்தைச் சனிக்கிழமையே தயார் செய்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை வெளியிலிருந்து தணிக்கைக்காரர்கள் வருவதாக இருந்தது. பதிவேட்டில் ஒரு வரி காலியாகக் கிடந்தால் நூறு கேள்வி கேட்பார்கள். எப்படியும் மத்தியானம் வைத்துவிடப் போகிறோமே என்று திங்கட்கிழமை காலையிலேயே பதிவேட்டில் எழுதிவிட்டேன். நாற்பத்தோராம் பக்கம், மாற்றப்பட்டது, தேதி, என் கையெழுத்து. மத்தியானம் போட்டோஸ்டாட் மெஷின் நின்றுபோனது. மெக்கானிக் புதன்கிழமை சாயங்காலம்தான் வந்தான். நடுவில் தணிக்கைக்காரர்களுக்குப் பைல் எடுத்துக் கொடுத்தே பொழுது போயிற்று. ஒரே ஒரு பக்கம். கையால் எழுதிக்கூடக் கொடுத்திருக்கலாம். வாயால் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.

தியாகு பழைய பக்கத்தைப் பார்த்து எழுதி முடித்த புரோகிராமைச் செவ்வாய்க்கிழமை கொடுத்தான். புதன்கிழமை சோதனைப் பிரிவில் பதிவேட்டைப் புரட்டினார்கள். திங்கட்கிழமையே புதுப் பக்கம் போய்விட்டது, ஆகவே இது புதுப் பக்கத்தின்படி எழுதியதுதான் என்று நாற்பத்தோராம் பக்கத்துக்கான சோதனையை மட்டும் செய்யாமல் விட்டுவிட்டார்கள். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் போர்டு வாடிக்கையாளர் பட்டறைக்குக் கிளம்பியது. பத்து மணிக்கு நான் பக்கங்களை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனேன்.

தியாகு வாங்கி, மூலையில் தேதி போட்டு, நின்றபடியே படித்தான். முகம் மாறியது.

“அக்கா, இது எப்பக்கா வந்துச்சு?”

“இப்பத்தான் தம்பி. மெஷின் ரோசா ஆகி நின்னுருச்சுல்ல.”

“போர்டு காலையிலேயே போயிருச்சுக்கா.”

அவன் போனைத் தேடி ஓடினான். பட்டறையில் யாரும் போனை எடுக்கவில்லை. வேனை எடுத்துக்கொண்டு நேரிலேயே போனான். அவன் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஆம்புலன்ஸ் நின்றிருக்கிறது. சோதனை ஓட்டத்துக்காக இரும்புக் கம்பித் தடுப்பைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். இரண்டு குழந்தைகளின் தாயான ரொஹானி என்ற ஆபரேட்டரின் கை உள்ளே இருக்கும்போதே பிரஸ் இறங்கி, வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். வார்டு வாசலில் நின்று கட்டுப் போட்ட கையைத் தூரத்திலிருந்து பார்த்தேன். உள்ளே போகவில்லை. பழத்தை நர்சிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறு வாரம் விசாரணை. தலைமை ஆபீசிலிருந்து வந்த மேலாளர், சோதனைப் பிரிவுத் தலைவர், பயிற்சியிலிருந்து திரும்பிய பிள்ளை, தியாகு, நான். மேசைமேல் பதிவேடு திறந்து கிடந்தது. புதுப் பக்கம் திங்கட்கிழமை வந்திருக்க, செவ்வாய்க்கிழமை ஏன் பழையபடி எழுதிக் கொடுத்தாய் என்று தியாகுவைக் கேட்டார்கள். எனக்கு வியாழக்கிழமைதான் வந்தது என்று பைலிலிருந்து பக்கத்தை எடுத்து மூலையைக் காட்டினான். மேலாளர் பார்த்துவிட்டு, இது உன் கையெழுத்துத்தானே, இன்று காலையில்கூட எழுதியிருக்கலாமே என்றார். கையெழுத்துச் சீட்டை எடுத்தார்கள். அதில் தேதிக்குக் கட்டமே இல்லை. பிறகு மேலாளர் என்னிடம் திரும்பினார். இந்தப் பக்கம் என்றைக்கு வைக்கப்பட்டது என்று கேட்டார்.

தியாகு என்னைப் பார்த்தான். நிம்மதியாகப் பார்த்தான், அதுதான் என்னால் மறக்க முடியாதது. அக்கா இருக்கிறார்களே, சொல்லிவிடுவார்கள் என்று நம்பிய முகம்.

“பதிவேட்டில் இருக்கிறபடிதான் சார்” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்போது வீட்டுக்காரர் வேலை செய்த வொர்க்ஷாப் மூடியிருந்தது. பெரியவள் பரீட்சை வருஷம். எல்லாம் உண்மை, ஒன்றும் காரணமில்லை. பயந்தேன். அவ்வளவுதான். நான் சொன்னது பொய்யில்லை, பதிவேட்டில் அப்படித்தானே இருக்கிறது என்றுகூட அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன். எவ்வளவு கேவலம் பாருங்கள். தகவலை வைப்பதற்கு முன்னால் கொடியை ஏற்றக் கூடாது என்று எட்டு வருஷம் ஊருக்கெல்லாம் எழுதியவள், அதையே செய்து ஒருத்தியின் விரலை வாங்கினேன். பிறகு அந்தப் பழியை ஒரு பையன் தலையில் இறக்கினேன்.

தியாகுவை அந்த மாதமே நீக்கினார்கள். விசாரணை முடிந்த மறுநாள் பிள்ளை என் மேசைக்கு வந்தார், பென்சில் டப்பாவுக்குப் பின்னாலிருந்த இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வருஷம் ஓய்வு பெற்றார். காஜா பேராங் தெருவில் எதிர்ப்படும்போதெல்லாம் தலையசைப்பார், நின்று பேச மாட்டார். அவர் இறந்தபோது போயிருந்தேன். அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா உங்கள் வேலையைப் பற்றி நன்றாகச் சொல்வார் என்றாள். என்றைக்குச் சொன்னார், அதற்கு முன்பா பின்பா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டுக் கவிதாவுக்கு அனுப்பவில்லை. முதலில் புக்கிட் காதிலுக்கு எடுத்துக்கொண்டு போனேன். தியாகு இப்போது ஸ்கூல் வேன் ஓட்டுகிறான். அன்று வந்த கெட்ட பேர் ஆயர் குரோ முழுக்கப் பரவி, எந்தக் கம்பெனியும் அவனை எடுக்கவில்லை. தலை பாதி நரைத்துவிட்டது. மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தான். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு இறங்கி வந்து, “வாங்கக்கா, வெயில்ல நிக்காதீங்க” என்று முன் சீட்டுக் கதவைத் திறந்துவிட்டான். ஏறி உட்கார்ந்தேன்.

தாள்களைக் கொடுத்தேன். முதல் பக்கத்தின் மேல் மூலையில் தேதி போட்டுவிட்டுத்தான் படிக்க ஆரம்பித்தான். மெதுவாகப் படித்தான். ரொஹானி பெயர் வந்த இடத்தில் நிறுத்தினான். இரண்டு வருஷம் முன்புவரை நோன்புப் பெருநாளுக்கு அவர் வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தானாம். நான் வார்டு வாசலைத் தாண்டவில்லை, அவன் வருஷா வருஷம் போயிருக்கிறான்.

“அந்தப் பேஜ் இன்னும் வச்சிருக்கியா தம்பி? அந்தத் தேதிக்குக் கீழ நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்” என்றேன்.

“வெள்ளம் வந்தப்ப எல்லாம் நனைஞ்சு போச்சுக்கா. தூக்கிப் போட்டுட்டேன்.”

பிறகு கேட்கக் கூடாததைக் கேட்டேன். மனசில் ஒன்றும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லேன் என்றேன். அவன் தாள்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கி என் மடியில் வைத்தான்.

“மொதல்ல இது எல்லார் கைக்கும் போவட்டும்க்கா. போய்ச் சேந்ததும் வாங்க. அப்புறம் சொல்றேன்.”

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்து வேனில் ஏறினார்கள். நான் இறங்கிக்கொண்டேன்.

ஆகவே இந்த மலர் கிடைத்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பக்கத்தின் மேல் மூலையில், மெய்யாகவே உங்கள் கைக்கு வந்த தேதியைப் போட்டுக் கையெழுத்திடுங்கள். கிழித்துக் கவிதாவிடம் கொடுங்கள். அவள் சேர்த்து வைப்பாள். எல்லாம் வந்த பிறகு நான் எடுத்துக்கொண்டு போவேன்.

தியாகு என்னை மன்னித்துவிட்டான் என்று இந்தக் கட்டுரையை முடித்திருந்தால் மலருக்குப் பொருத்தமாக இருந்திருக்கும், கவிதாவும் சந்தோஷப்பட்டிருப்பாள். எழுத மாட்டேன். அது இன்னும் நடக்கவில்லை.